காணாமல் போன விரிசல்

ஷீபா, டேனியல், இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால், "தெரியும்ப்பா, நூறு தடவை சொல்லிட்டே" என்று எழுந்து போய்விடுவீர்கள். எழுதி வைத்துவிட்டால், நீங்கள் பாதியில் எழுந்து போனாலும் இது அங்கேயே கிடக்கும். திரும்பி வந்து படிக்கலாம். புதிதாக நம்மோடு வேலைக்குச் சேர்ந்திருக்கும் இரண்டு பேரும் படிக்கட்டும். நான் பத்தாவதைத் தாண்டாதவன். எழுத்தில் பிழை இருந்தால் ஷீபா திருத்திக்கொள். விஷயத்தைத் திருத்தாதே.

கண்ணில் புரை எடுத்ததிலிருந்து, பூதக்கண்ணாடி லென்ஸை வைத்தால் கொஞ்ச நேரத்தில் எனக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது. அதனால்தான் கல் பார்க்கிற வேலையை உங்களிடம் விட்டேன். கை சும்மா இருக்கிறது, வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

நம் தொழில் சின்னது. சூடு காட்டாத, சாயம் ஏற்றாத, எண்ணெய் ஏற்றாத கல்லைத் தேடிப் பிடித்து, கேட்டவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது. பூமியிலிருந்து எப்படி வந்ததோ, பட்டை தீட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யாத கல். ராசிக்குப் போடுகிறவர்களுக்கு அப்படித்தான் வேண்டும். சமைத்த கல்லுக்குச் சக்தி கிடையாது என்பது அவர்கள் நம்பிக்கை. அது உண்டா இல்லையா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அவர்கள் கேட்டது கேட்டபடி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

நமக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. ராஜகீழ்ப்பாக்கத்தில் நம் வீட்டு மாடி அறை, வடக்குப் பார்த்த ஜன்னல், ஒரு மேஜை, அவ்வளவுதான். ஒருவர் விரலில் இருக்கிற மோதிரத்தைப் பார்த்து இன்னொருவர் விசாரித்து வந்தால் உண்டு. அதே வழியாகத்தான் கெட்ட பெயரும் வரும். ஒரு வீட்டில் "அந்தாளு ஏமாத்திட்டான்" என்று சொன்னால், பெருங்களத்தூர் முதல் வேளச்சேரி வரைக்கும் ஒரு வாரத்தில் போய்ச் சேரும். ஷேர் ஆட்டோகூட அவ்வளவு வேகமாகப் போகாது.

முன்பெல்லாம் சவுகார்பேட்டைக்குப் போய்க் கல்லைக் கையில் வாங்கி, வெயிலில் காட்டி, திருப்பிப் போட்டுப் பார்த்து வாங்குவேன். போனில் பார்த்துக் கல் வாங்க ஆரம்பித்தபோது உங்கள் அம்மா சிரித்தாள். கத்தரிக்காயையே அழுத்திப் பார்க்காமல் வாங்காதவர், கல்லைப் படத்தில் பார்த்து வாங்கப் போகிறாரா என்றாள். நியாயமான கேள்விதான். முதலில் ஒரு சிவப்புக்கல்லை அப்படித்தான் வாங்கினேன். போனில் மாதுளை முத்து மாதிரி இருந்தது. கூரியர் பெட்டியைத் திறந்தால் வெற்றிலை போட்டுத் துப்பின கலர். படத்தை எடுத்து மறுபடியும் பார்த்தேன். கல்லைப் பிடித்திருந்தவரின் விரலும் சிவந்துதான் இருந்தது. நான் கல்லை மட்டும் பார்த்திருக்கிறேன், விரலைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். படத்தில் முதலில் விரலைப் பாருங்கள். விரல் மனிதத் தோல் நிறத்தில் இருந்தால்தான் கல்லின் நிறமும் உண்மை. விரலே இல்லாத படம் என்றால், ஜன்னல் பக்கம் போய், விளக்கை அணைத்துவிட்டு, உள்ளங்கையில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிறவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அவரிடம் வாங்க வேண்டாம்.

இரண்டாவது பழக்கம், "இந்தக் கல்லில் என்ன குறை?" என்று கேட்பது. ஒரு குறையும் இல்லை என்று உடனே பதில் வந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்த எதற்கும் குறை இல்லாமல் இருக்காது. இந்தக் கேள்வியால்தான் எனக்கு அந்த ஜெய்ப்பூர்க்காரர் கிடைத்தார். அவர் மரகத வியாபாரி. நான் பேசுகிற இந்தி சினிமாவில் கற்றது. அவருக்கோ தமிழில் "வணக்கம்" மட்டும் தெரியும். என்னை அண்ணாஜி என்று கூப்பிடுவார். முதல் வீடியோ காலிலேயே நான் குறையைக் கேட்டதும், அவர் சிரித்துவிட்டு, கல்லை ஊசி முனையால் தொட்டு, இதோ இங்கே ஒரு விரிசல், இதோ இங்கே ஒரு கறுப்புப் புள்ளி, இதற்காக விலை குறைத்திருக்கிறேன், உங்கள் ஆளுக்குப் பிடிக்காவிட்டால் வாங்காதீர்கள் என்றார். நான் கேட்காத கறுப்புப் புள்ளியையும் அவரே காட்டினார் பாருங்கள், அங்கேதான் எனக்கு மனது நின்றது.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். உங்களுக்குப் பாதி தெரியும். மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பீர்க்கன்கரணையில் ஏரி பக்கம் வீடு கட்டியிருக்கிற கணக்கு சார் நம்மிடம் ஒரு மரகதம் கேட்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளைக்குப் போடுகிற மோதிரத்தில் மரகதம் வைக்க வேண்டும் என்று அந்த வீட்டார் ஜாதகம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதுவும் எண்ணெய் ஏற்றாத கல்லாக இருக்க வேண்டும்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. மரகதத்தில் விரிசல் இல்லாமல் கிடைப்பது அபூர்வம். அதனால் பெரும்பாலும் அதை எண்ணெயில் ஊறப் போடுவார்கள். எண்ணெய் விரிசலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கல் சுத்தமாகத் தெரியும். சொல்லி விற்றால் தப்பில்லை, சொல்லாமல் விற்றால் ஏமாற்று. எண்ணெய் ஏறாத மரகதம் அதே அழகுக்குப் பல மடங்கு விலை போகும். கணக்கு சார் சேர்த்து வைத்ததில் பெரும்பகுதி அந்த ஒரு கல்லுக்குப் போனது.

ஜெய்ப்பூர்க்காரர் நாலைந்து கல் காட்டினார். நாங்கள் எடுத்த கல்லின் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அதை அவரே வீடியோவில் ஊசி முனையால் காட்டி, மோதிரத்தில் கட்டும்போது இந்தப் பக்கம் அழுத்த வேண்டாம் என்று பத்தருக்குச் சொல்லுங்கள் என்றார். கல்லோடு வந்த பரிசோதனைக் கூடச் சான்றிதழில் எண்ணெய் இல்லை என்று தெளிவாக இருந்தது. கணக்கு சாரும் அவர் மனைவியும் மாடிக்கு வந்து பார்த்தார்கள். அந்த விரிசலை நான் லென்ஸில் காட்டினேன். அந்தம்மா பார்த்துவிட்டு, "வேப்பிலைல நரம்பு ஓடுற மாதிரி இருக்கு சார்" என்று சந்தோஷப்பட்டார். கல்லைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். பூஜையில் வைத்துவிட்டுப் பத்தரிடம் கொடுக்கிறோம் என்று போனார்கள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் கணக்கு சார் மறுபடியும் வந்தார். உடன் அவர் மச்சான். அந்தம்மாவின் அண்ணன், பம்மலில் லேத் பட்டறை வைத்திருப்பவர். டேனியல், நீதான் கதவு திறந்தாய். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா சார், நெட்டுல வாங்கின கல்லு. நாங்க வாயை மூடிக்கினு போட்டுக்குவோம்னு நெனச்சீங்களா?"

கணக்கு சார் ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். மச்சானுக்கு முதலிலிருந்தே போனில் கல் வாங்குவதில் நம்பிக்கை இல்லையாம். பத்தரிடம் கொடுப்பதற்கு முன் நகரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே, இந்தக் கல்லில் எண்ணெய் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நிச்சயதார்த்தத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கல்லைத் திருப்பி அனுப்ப ஜெய்ப்பூர்க்காரர் கொடுத்திருந்த கெடு அதற்கும் முன்பே முடிகிறது.

"மாப்ள பாவம், வாத்தியாரு. அவருக்குப் பேச வராது. எனக்கு வரும்," என்றார் மச்சான், கணக்கு சாரைக் காட்டி. "எங்க தெருவுல, அவங்க தெருவுல, ரெண்டு இடத்துலயும் நீங்க கல்லு குடுத்த வூடு எத்தினி கீதுன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு வூட்டுக்கும் நானே போய் சொல்லுவேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தங்கை பெண்ணுக்காக ஒரு நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். என் தங்கை பெண்ணாக இருந்தால் நானும் வந்திருப்பேன்.

டேனியல், நீ போனைக் கையில் எடுத்துக்கொண்டு என் காதருகே வந்தாய். ஜெய்ப்பூர்க்காரரின் நெட் பக்கத்தில் ஒற்றை ஸ்டார் போட்டு எழுதிவிடட்டுமா, பேங்கில் சொல்லிப் பணத்தை நிறுத்தட்டுமா என்று கேட்டாய். ஷீபா, உன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் உங்கள் இருவரையும் டீ போடச் சொல்லி அனுப்பினேன். அது டீக்காக இல்லை. ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது எடுக்கிற முடிவு அவருடைய முடிவுதான், நம்முடையது ஆகாது. ஐந்து நிமிடம் கிடைத்தால் நம்முடைய முடிவு வரும்.

கல்லை வாங்கி ஜன்னல் பக்கம் போனேன். அப்போது கண் நன்றாக இருந்தது. லென்ஸை வைத்தேன். விரிசல் இருக்கிற ஓரத்தைத் திருப்பினேன். விரிசலைக் காணோம்.

கல்லைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்தேன். காணோம். கல்லை யாராவது மாற்றிவிட்டார்களோ? தராசில் வைத்தேன். எடை அதே எடை. உள்ளே இருந்த சின்னப் புள்ளிகளும் வீடியோவில் இருந்த அதே இடத்தில் இருந்தன. அதே கல்தான். ஆனால் நான் கொடுத்ததைவிட அழகாகத் திரும்பி வந்திருக்கிறது.

கல் தானாக அழகாகாது. இதைத்தான் நான் உங்களுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். கெட்டுப்போனால் ஆயிரம் காரணம் இருக்கும். அழகானால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஜெய்ப்பூர்க்காரர் எண்ணெய் ஏற்றி ஏமாற்ற நினைத்திருந்தால், விரிசல் மறைந்த கல்லைத்தான் எனக்கு அனுப்பியிருப்பார். விரிசலை ஊசி முனையால் காட்டியிருக்க மாட்டார். எண்ணெய் ஏறியது இங்கே வந்த பிறகுதான். அப்படியானால் எங்கே?

அவர்கள் கல்லை வைத்துக் கொண்டுவந்த பொட்டலக் காகிதத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் ஒரு வட்டம், காகிதத்துக்குப் பின்னால் இருந்த என் விரல் தெரிகிற அளவுக்கு. சாயங்காலம் பஜ்ஜி கட்டித் தருகிற காகிதம் எப்படி இருக்கும்? அப்படி. மூக்கருகே கொண்டு போனேன். லேசான ஒரு வாசனை. சமையலறை வாசனை.

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. ஏனென்றால் நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள். கல்லைப் பாலில் போடுவார்கள் என்று இத்தனை வருடத் தொழிலில் எனக்குத் தெரியும். பால் மரகதத்தை ஒன்றும் செய்யாது, துடைத்தால் போய்விடும். ஆனால் அவர்கள் பூஜையறையில் நடந்த ஒன்றை, வேறு சாமி கும்பிடுகிற நான், கோபமாக இருக்கிற மனிதர் முன்னால் எடுத்துச் சொன்னால் அது எப்படிக் கேட்கும்? நான் சொல்வது நிஜமாகவே இருந்தாலும், தப்பை அவர்கள் வீட்டுச் சாமி மேல் போடுகிறேன் என்றுதான் கேட்கும்.

அதனால் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. "சார், உங்க வீட்டுக்கு வரேன். மேடத்தை ஒரு விஷயம் கேக்கணும். கேட்டுட்டு, நீங்க என்ன சொல்றீங்களோ அது" என்று மட்டும் சொன்னேன். மச்சான், இப்போது வீட்டுக்குள்ளேயே வருகிறாரா என்று முனகினார். கணக்கு சார்தான், வரட்டும் என்றார்.

கிளம்புவதற்கு முன் ஜெய்ப்பூருக்குப் போன் போட்டேன். குற்றம் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன், விரிசல் காணவில்லை என்பதையும் சொன்னேன். அவர், "அண்ணாஜி, கெடுவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்கள் கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்தக் கல் என் கல்" என்றார். நான் நேரில் பார்த்தே இராத மனிதர். நம்பத் தகுந்தவர் யார் என்று கேட்பீர்களே, அதற்குப் பதில் இதுதான். கல் நன்றாகப் போய்ச் சேர்ந்த நாளில் எல்லோரும் நல்லவர்கள்.

மேஜை டிராயரில் என்னிடம் பழைய மரகதத் துண்டு ஒன்று கிடந்தது. விரிசல் நிறைந்தது, யாரும் வாங்கமாட்டார்கள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். லென்ஸையும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அந்தம்மா அழுது முடித்திருந்தார். ஆனாலும் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். நான், தப்பு சரி பார்க்க வரவில்லை, கல் இங்கே வந்ததிலிருந்து அதற்கு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. மாப்பிள்ளை விரலில் ஏறப் போகிற கல், ஏனோதானோ என்று செய்ய முடியுமா? புதன்கிழமை காலையில் குளித்து, சாமிக்குச் செய்கிற மாதிரியே கல்லுக்கும் செய்திருக்கிறார். முதலில் பால். அப்புறம் தயிர். அப்புறம் தேன்.

"அப்புறம் நெய் சார். யூடியூப்ல ஒரு ஜோசியர் சொன்னாரு, புதனுக்கு நெய்தான் விசேஷம், ஒரு நாள் முழுக்க நெய்யிலயே இருக்கணும்னு. வெள்ளிக் கிண்ணத்துல ஊத்தி, விளக்கு பக்கத்துல வெச்சேன். உறையாம இருக்கும்ல. நானே உருக்கின நெய். கடை நெய் இல்ல."

விளக்குச் சூட்டில், உருகிய நெய்யில், ஒரு நாள் முழுக்க. எண்ணெய் ஏற்றுவதற்கென்றே ஆள் வைத்திருக்கிற பட்டறைகளில்கூட இவ்வளவு பக்தியாகச் செய்யமாட்டார்கள்.

கணக்கு சார் வாத்தியார் இல்லையா, அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார். மச்சானுக்கு விளங்கியதும் கோபம் இரண்டு மடங்கானது.

"பூஜை பண்ணா கல்லு கெட்டுடுமா? இன்னா பேச்சு சார் இது?"

"கெடல சார்," என்றேன். "அழகாயிடுச்சு. அதுதான் பிரச்சினை."

யாரும் சிரிக்கவில்லை. அந்தம்மாவின் முகம் மட்டும் அப்படியே விழுந்துவிட்டது. "நானா கெடுத்துட்டேன்?" என்று மெதுவாகக் கேட்டார். அவரை யாரும் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தால் நான் தோற்றிருப்பேன். எண்ணெய், விரிசல், ஒளி என்று எதைச் சொன்னாலும் அது வியாபாரி பேச்சாகத்தான் கேட்டிருக்கும். சட்டைப்பையிலிருந்து என் துண்டுக் கல்லை எடுத்து மச்சான் கையில் கொடுத்தேன். லென்ஸையும் கொடுத்தேன். என்ன தெரிகிறது என்று கேட்டேன். லேத் ஓட்டுகிறவர், கண் கூர்மை. ஒரு பார்வையில், கண்ணாடி உடைந்த மாதிரி எல்லாப் பக்கமும் கோடு கோடாக இருக்கிறது என்றார். இதை உங்கள் கையாலேயே, உங்கள் வீட்டு நெய்யில் போடுங்கள் என்றேன்.

அந்தம்மா அதே வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டு வந்தார். வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து, நெய்யை ஊற்றி, மச்சானே கல்லைப் போட்டார். பிறகு நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்தம்மா காபி கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து உப்புமாவும் வந்தது. மச்சான் அதையும் முறைத்துக்கொண்டேதான் சாப்பிட்டார். கணக்கு சார் இரண்டு முறை எழுந்து போய் வெந்நீர் மாற்றிக்கொண்டு வந்தார்.

போதும் என்று தோன்றியபோது எடுக்கச் சொன்னேன். மச்சான் துடைத்து, ஜன்னலுக்குப் போய், லென்ஸை வைத்தார். எடுத்தார். லென்ஸைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

"பாதிக் கோட்டைக் காணோமே, மாப்ள," என்றார். அது என்னிடம் சொன்னதில்லை. அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

உண்மை தெரிந்துவிட்டது, ஆனால் மோதிரம் ஆகவில்லையே. ஏறிய நெய்யை இறக்க முடியுமா? முடியும் என்று எனக்குத் தெரியும். முழுக்க இறங்குமா என்பதுதான் தெரியாது. ஜெய்ப்பூருக்கு அனுப்பி அவரையே சுத்தம் செய்யச் சொல்லலாம், ஆனால் போய்த் திரும்புவதற்குள் நிச்சயதார்த்தம் முடிந்துவிடும். இங்கேயே செய்தால், சரியாகவில்லை என்றால் பழி முழுக்க என்னுடையது. அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது என்று அவர் யோசிப்பது எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது.

இங்கேயே செய்துவிடலாம் என்றேன். அதே பரிசோதனைக் கூடத்தில், அவர்கள் கண் முன்னால். ஏறின நெய் முழுக்க இறங்காவிட்டால் கல்லை நான் எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்கு வேறு கல் என் பொறுப்பு என்றேன். இது தாராளம் இல்லை, பிள்ளைகளே. அந்தக் கல் அவர்கள் வீட்டில் இருக்கும்வரை அந்தம்மா ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் தன்னைத் திட்டிக்கொள்வார். அப்படி ஒரு கல்லை ஒரு வீட்டில் விட்டு வரக் கூடாது.

பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார். உறுதி எதுவும் தர முடியாது, புது நெய் என்பதால் இறங்க வாய்ப்பு நிறைய, விட்டுவிட்டுப் போங்கள் என்றார். மறுநாள் கூப்பிட்டார்கள். நானும் கணக்கு சாரும் மச்சானும் போனோம். தாம்பரத்தில் ரயில் ஏறினோம். உட்கார இடம் இருந்தும் மச்சான் நின்றுகொண்டே வந்தார்.

அந்தப் பெண் கல்லை நுண்ணோக்கியின் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். முதலில் யார் பார்ப்பது என்று தெரியவில்லை. நான் மச்சானைப் பார்க்கச் சொன்னேன். அவர்தான் இந்த வழக்கைப் போட்டவர், அவரே தீர்ப்பும் சொல்லட்டும்.

குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. கணக்கு சார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கீது மாப்ள," என்றார் மச்சான், குனிந்தபடியே. "விரிசல் கீது. முடி மாதிரி. அப்படியே கீது."

கணக்கு சார் பார்த்தார். நான் பார்த்தேன். வேப்பிலை நரம்பு, இருந்த இடத்தில் இருந்தது. சான்றிதழில் மறுபடியும் எண்ணெய் இல்லை என்று வந்தது. ஒரு விரிசலைப் பார்த்து மூன்று ஆண்கள் இப்படிச் சிரித்ததை அந்தக் கூடம் பார்த்திருக்காது. மச்சான் அங்கிருந்தே தங்கைக்குப் போன் போட்டு, "ஒண்ணும் ஆவலம்மா, உன் கோடு திரும்பி வந்துடுச்சு" என்றார். அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. நான் ஜெய்ப்பூருக்கு அந்த விரிசலைப் படம் எடுத்து அனுப்பினேன். அவரிடமிருந்து இரண்டு கை கூப்பிய படம் மட்டும் வந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு நாம் எல்லோரும் போனோம், நினைவிருக்கும். மச்சான் என்னை மாப்பிள்ளை வீட்டாரிடம் இழுத்துக்கொண்டு போய், "இவருதான் கல்லு குடுத்தவரு. சொன்னா சொன்னபடி ஆளு" என்று அறிமுகம் செய்தார். ஒவ்வொரு வூட்டுக்கும் போய்ச் சொல்வேன் என்றாரே, சொல்லத்தான் செய்தார். பம்மலிலிருந்து அந்த வருடம் வந்த ஆட்கள் எல்லாம் அவர் அனுப்பியவர்கள். மாப்பிள்ளை மோதிரத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா தூரத்திலிருந்து அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் ஷீபா, ஒவ்வொரு கல்லோடும் "பால் போதும், நெய்யும் எண்ணெயும் வேண்டாம்" என்று ஒரு சீட்டு வைக்க ஆரம்பித்தாய். நல்ல யோசனை. ஆனால் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். கல்லைக் கையில் கொடுக்கும்போது, வீட்டில் இதற்கு என்னென்ன செய்வீர்கள் என்று வாயால் கேளுங்கள். கேட்கிறபோது சிரிக்காதீர்கள். அவர்கள் கல்லுக்குச் செய்வதெல்லாம் பெற்ற பிள்ளைக்காகச் செய்வது. அதைக் கேட்கிற குரலில் மரியாதை இருந்தால் உண்மை வரும். இல்லாவிட்டால் காகிதத்தைத்தான் முகர்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று. விற்பவர் காட்டிய குறையை வீடியோவில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அழகைப் பிடித்து வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. அன்று என்னையும் ஜெய்ப்பூர்க்காரரையும் அந்தம்மாவையும் காப்பாற்றியது கல்லின் பச்சை இல்லை, அதன் ஓரத்தில் இருந்த கோடு.

ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் நான் சொன்னதில்லை. நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் கணக்கு சார் வந்து ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் உருக்கிய நெய், மனைவி கொடுத்தனுப்பினார் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார். நீங்கள் இருவரும் கூரியருக்குப் போயிருந்தீர்கள். அம்மா சோறு வடித்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

தட்டில் சுடுசோறு போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தேன். கல் பார்க்கிற மேஜையில் வைத்தேன். நெய் ஒரு கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வேறொன்றும் தொட்டுக்கொள்ளவில்லை. முழுத்தட்டும் சாப்பிட்டேன். பிறகு விரலை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன். மினுமினுத்தது. வாசனை பிடித்தேன். கலப்பு எதுவும் இல்லை. நக்கிவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.